துறைமுகத்துக்கு வந்தவனின் மொழியா, விசா தருபவனின் மொழியா?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் அக்காவின் மகன் போன மாதம் ஒரு கேள்வியோடு வந்தான். "மாமா, கொரியன் படிக்கிறதா, ஜப்பான் படிக்கிறதா? சீனமும் நல்லம் எண்டு சொல்லுறாங்கள்." பக்கத்தில் இருந்த அக்கா விடவில்லை. "இந்தியாக்காரன்தானே இப்ப இங்க வந்து நிக்கிறான், ஹிந்தியைப் படியன்."

திருகோணமலைக்காரருக்கு இந்தக் குழப்பம் புதிதில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று யார் யாரோ ஆசைப்பட்ட துறைமுகம் இது. பாலையூற்றில் பழைய பறங்கிக் குடும்பங்கள் சிலவற்றில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழியை இன்னும் கேட்கலாம். துறைமுகத்தில் யார் நிற்கிறானோ அவன் மொழியைப் படித்தால் பிழைக்கலாம் என்ற எண்ணம் இந்த ஊரில் ஊறிப்போனது. நான்கு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது நேர் எதிரான ஒன்று.

அக்கா சொன்ன ஹிந்தியை முதலில் எடுப்போம். திருகோணமலையில் இந்தியாவுக்கு இருக்கும் அக்கறை வேறு எந்த நாட்டுக்கும் இல்லை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே இந்தத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டன. சீனக்குடாவில் இருக்கும் 99 குதங்களை 2022 ஜனவரியில் பங்கு பிரித்தார்கள்: 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் கைவிடப்பட்டு, இப்போது சூரிய மின்திட்டம். 2025 ஏப்ரலில் மோடி வந்தபோது, திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் ஓர் உடன்படிக்கையும் செய்தன.

சரி, இதில் ஹிந்தி எங்கே வருகிறது? எங்கேயும் இல்லை. இரண்டு அரசாங்கங்களும் பேசுவதும் எழுதுவதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். புலமைப்பரிசிலில் இந்தியாவுக்குப் போனாலும் பட்டப்படிப்பு அநேகமாக ஆங்கிலத்தில்தான். போதாததற்கு, தமிழ் அந்த நாட்டு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலேயே இருக்கிறது. ஹிந்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. படம் பார்த்து ரசிக்கப் படிக்கலாம். சம்பளத்துக்காகப் படிக்க வேண்டியதில்லை.

சீனம் கொஞ்சம் வேறு மாதிரி. எங்கள் ஊரில் சீனாவுக்கு இருப்பது சீனக்குடா என்ற பெயர் மட்டுந்தான் என்று பகிடியாகச் சொல்வதுண்டு. அவர்களுடைய பெரிய முதலீடுகள் அம்பாந்தோட்டையிலும் கொழும்புத் துறைமுக நகரத்திலும். ஆனால் மொழியையும் வெளியுறவையும் சேர்த்து யோசித்தவர்களில் அவர்களுக்கு மிஞ்சியவர் இல்லை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டு திகதியிட்டுக் கொண்டுவந்து காலியில் நட்ட கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். அதே நாட்டின் உதவியோடு 2021இல் சட்டமா அதிபர் திணைக்களத்தில் திறந்த நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் இருந்தன, தமிழைக் காணவில்லை. சத்தம் போட்ட பிறகுதான் அகற்றினார்கள். அறுநூறு வருடத்துக்கு முன் கடலோடி ஒருவருக்கு இருந்த நிதானம் இவர்களுக்கு இல்லை!

மொழியாகப் பார்த்தால் சீனம் நீண்ட பயணம். நான்கு தொனிகள், ஆயிரக்கணக்கில் எழுத்துகள். ஒழுங்காகப் பேச வருடங்கள் வேண்டும், அதன் பிறகும் வேலைக்குக் கொழும்புக்கோ அம்பாந்தோட்டைக்கோ போகவேண்டும். அவசரமாகக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டிய பிள்ளைக்கு நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டமோ பொருளாதாரமோ படிக்கும் நாலு தமிழ்ப் பிள்ளைகள் சீனம் படித்தால் சந்தோசப்படுவேன். ஒப்பந்தம் வாசிக்க யாராவது வேண்டாமா?

இப்போது கொரியா. இந்தத் துறைமுகத்தின் மேல் ஒருநாளும் கண் வைக்காத நாடு. ஆனாலும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் படிப்பது அவர்கள் மொழியைத்தான். காரணம் 2004இல் இலங்கையோடு கைச்சாத்தான தொழில் அனுமதி முறை. 18 முதல் 39 வயதுக்குள் இருந்து, மொழிப் பரீட்சையில் தேறினால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஊடாக அரசாங்கமே அனுப்புகிறது. ஏஜென்சிக்குக் காணி விற்றுக் கட்டவேண்டியதில்லை.

மொழியும் தமிழனுக்கு அவ்வளவு பயமில்லை. மன்னர் செஜோங் 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் இன்று அடிப்படை 24தான். ஒரு கிழமையில் வாசிக்கலாம். வினை கடைசியில் வரும், உருபு பெயரோடு ஒட்டும். அப்பாவுக்கு 'அப்பா', வா என்பதற்கு 'வா', நாளுக்கு 'நல்'. இதை வைத்துக் கொரியனும் தமிழனும் அண்ணன் தம்பி என்று கதை கட்டுவோர் உண்டு. அதை விடுங்கள், மனப்பாடம் செய்ய உதவுகிறதே, அது போதும்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பரீட்சையில் தேறினால் பட்டியலில் பெயர் வரும், அவ்வளவுதான். கொரிய முதலாளி தெரிவு செய்தால்தான் வேலை. வருடத்துக்கு எத்தனை பேர் என்பதைத் தீர்மானிப்பது சோலில் இருக்கும் கொரிய அரசாங்கம். போனாலும் ஒரு தடவைக்கு 4 வருடம் 10 மாதம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. திரும்பி வந்தால் இங்கே அந்த மொழிக்கு என்ன வேலை? இன்னொன்று, நான் விசாரித்த இரண்டு வகுப்புகளிலும் விளக்கமும் புத்தகமும் சிங்களத்தில். கொரியன் படிக்க முதலில் சிங்களம் படிக்கவேண்டிய நிலைமை. அது ஒருவகையில் நல்லதுதான் என்று மருமகனிடம் சொன்னேன், அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஜப்பான் இந்த ஊருக்குக் குண்டோடு வந்தது, 1942 ஏப்ரல் 9 காலை. பிறகு சீமெந்து ஆலையோடும் வந்தது. 2019இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட 'குறிப்பிட்ட திறனாளர்' என்ற வேலை விசாத் திட்டம் கொரிய முறையைவிடக் கடினம்: என்4 எனும் அடிப்படை மட்டத்து ஜப்பானிய மொழி, அதோடு தொழில் திறன் பரீட்சை. முதியோர் பராமரிப்புக்குப் போவதென்றால் அதற்கான மொழிப் பரீட்சை வேறு. எழுத்தோ மூன்று வகை, அன்றாடப் பாவனைக்கான காஞ்சி எனும் சீன எழுத்துகள் மட்டும் 2,136. இலக்கணம் நமக்குச் சொந்தம் போலவே இருக்கும். பேராசிரியர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார், யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை, ஆனால் 'வீட்டுக்குப் போகிறேன்' என்பதை அதே வரிசையில் சொல்லலாம் என்பதை யாரும் மறுக்கமுடியாது.

எனக்கு ஜப்பான் பக்கம் சாய்வு. முதல் கட்டம் ஐந்து வருடம், திறன் கூடினால் பல தொழில்களில் இரண்டாம் கட்டத்தில் விசாவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், குடும்பமும் வரலாம். அந்நாட்டில் முதியவர்கள் கூடிக்கொண்டே போவதால் இந்தத் தேவை ஒரு தேர்தலோடு மறையப்போவதில்லை. கையில் காசு இல்லை, இரண்டு வருடம் காத்திருக்க முடியாது என்றால் மட்டும் கொரியா.

அரபு, ஜெர்மன் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் பலருக்கு அரபு வாசிக்கத் தெரியும், ஆனால் வளைகுடாவில் வாயால் பேசுவது வேறு அரபு. ஜெர்மன் உப்புவெளி, நிலாவெளிச் சீசனுக்குக் கைகொடுக்கும், செப்டெம்பரோடு சரி.

மருமகன் இன்னும் முடிவு சொல்லவில்லை. நேற்று ஒரு தாளை நீட்டினான். ஊர்ப் பெயரை இரண்டு மொழியிலும் எழுதியிருந்தான். கொரியனில் ஐந்து கட்டம், 'ல' பத்திரமாக இருந்தது. ஜப்பானியத்தில் ஏழு எழுத்து, 'ல' இல்லாததால் 'தொரிங்கொமரீ' ஆகிவிட்டது. "இதுதான் மாமா வடிவா இருக்கு" என்று ஏழு எழுத்தைத்தான் காட்டினான்.