பொழுதுபோக்குக் குழு நடத்துபவருக்கு டிஸ்கார்ட் எந்த அளவு கைகொடுக்கும்?

டிஸ்கார்ட் என்பது குழுவாகப் பேச உதவும் செயலி. அதில் ஒரு குழுவின் இடத்தைச் சர்வர் என்றும், உள்ளே இருக்கும் அரட்டை அறைகளைச் சேனல்கள் என்றும் சொல்வார்கள். மைப்பேனா பிரியர்களின் டிஸ்கார்ட் சர்வர் ஒன்றில் நான் மாடரேட்டர், அதாவது பேச்சு ஒழுங்காக நடக்கப் பார்த்துக்கொள்பவர். நிப்பு, மை, காகிதம், பழைய பேனாக்களைப் பழுது பார்ப்பது, இவைதான் எங்கள் பேச்சு. டிஸ்கார்டைப் பற்றி எழுதுகிறவர்கள் குரல் தரம், ஸ்ட்ரீமிங், நைட்ரோ சந்தா என்றுதான் எடை போடுகிறார்கள். எனக்கு வேண்டிய அளவுகோல் வேறு. புதிதாக வந்தவர் முதல் கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்ட பிறகு, தைரியமாக இரண்டாவது கேள்வியையும் கேட்கிறாரா?

எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: "மைப்பேனாவில் இந்தியன் இங்க் ஊற்றலாமா?" ஊற்றக் கூடாது. அதில் கலந்திருக்கும் அரக்கு போன்ற பசைப்பொருள் காய்ந்தால், நிப்புக்கு மை வரும் நுண்ணிய வழி அடைத்துவிடும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் காய்வதற்குள் தண்ணீரில் நன்றாக அலசிவிட வேண்டும். இதைச் சொல்ல மூன்று வரி போதும். அந்த மூன்று வரிக்குப் பதிலாக "இதுகூடத் தெரியாதவருக்கு எதற்குப் பேனா?" என்று ஒருவர் எழுதினால், கேட்டவர் சண்டைக்கு வர மாட்டார். குழுவை விட்டுப் போகவும் மாட்டார். மெம்பர் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும். அதன் பிறகு ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்குப் பெரிய இழப்பு அதுதான்.

ஆட்டோமாடை எடுத்துக்கொள்வோம். 2022-இல் வந்த இந்த வசதி, நாம் தரும் சொற்கள் உள்ள செய்தியை மற்றவர் கண்ணில் படுவதற்கு முன்பே நிறுத்திவிடும். மாடரேட்டர்களுக்குத் தனிச் சேனலில் தகவலும் அனுப்பும். தமிழில் பேசும் குழு என்றால் பட்டியலை நாமே பொறுமையாகத் தயாரிக்க வேண்டும். சொல்லின் இறுதியில் நட்சத்திரக் குறி போட்டால் அதற்குப் பின்னால் எது ஒட்டினாலும் பிடிக்கும். வேற்றுமை உருபும் விகுதியும் ஏறும் நம் மொழிக்கு இது மிகவும் தேவை. ஆனால் "முட்டாள்*" என்று போட்டால் "முட்டாளே" தப்பிவிடும், ஏனென்றால் அங்கே புள்ளி இல்லை. கடைசிப் புள்ளியை நீக்கி "முட்டாள*" என்று கொடுத்தால் இரண்டும் சிக்கும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்பவர்களுக்காக ஒவ்வொரு வசவுக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டல்களையும் சேர்க்க வேண்டும். வேலைதான். ஆனாலும் ஒரு மாலை உட்கார்ந்து செய்துவிட்டால் கெட்ட வார்த்தைத் தொல்லை வெகுவாகக் குறையும்.

ஆனால் "இதுகூடத் தெரியாதவருக்கு" என்ற வாக்கியத்தில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லையே. எந்தப் பட்டியலும் அதைப் பிடிக்காது. பொழுதுபோக்குக் குழுக்களில் ஆட்களை விரட்டுவது பெரும்பாலும் இந்த மாதிரி மரியாதையான ஏளனம்தான், அதற்கு மனிதர் வேண்டும்.

மனிதர் கையில் இருக்கும் கருவிகளில் நான் முதலிடம் தருவது டைம்அவுட்டுக்கு. 2021 டிசம்பரில் வந்தது. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு வாரம் என்று தேர்ந்தெடுக்கலாம். அந்த நேரத்தில் அவர் படிக்கலாம், எழுத முடியாது. பேன் செய்வது, அதாவது குழுவிலிருந்தே விலக்கித் தடை போடுவது போல, இது உறவை அறுப்பதில்லை. நான் ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு உடனே தனிச் செய்தியில் அவருடைய வரியை அப்படியே ஒட்டி, "இதைப் படித்தவர் அடுத்த கேள்வியைக் கேட்பாரா, சொல்லுங்கள்" என்று எழுதுவேன். பலர் திரும்பி வந்து அதே கேள்விக்கு நல்ல பதில் தந்திருக்கிறார்கள். பொதுச் சேனலில் கண்டிப்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன். பத்துப் பேர் சேர்ந்து ஒருவரைக் கிழிப்பதைப் பார்க்கும் புதியவருக்கு யார் நல்லவர் என்று தெரியாது, இடம் மோசம் என்பது மட்டும் தெரியும்.

அப்படிக் கூட்டம் கூடும்போது ஸ்லோ மோட் உதவும். ஒருவர் ஒரு செய்தி போட்டபின் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். ஐந்து விநாடி முதல் ஆறு மணி நேரம் வரை இடைவெளி வைக்கலாம். இரண்டு நிமிடம் வைத்தாலே சூடு இறங்குகிறது. முன்பே இருக்கும் வன்மமான பதிவுகளைப் பார்ப்பவர் தாமும் அப்படி எழுதும் வாய்ப்பு கூடுகிறது என்று ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். அதனால்தான் மோசமான வரியை அழிக்கத் தாமதிக்கக் கூடாது என்று எங்கள் மாடரேட்டர்களிடம் வற்புறுத்துகிறேன்.

சேரும்போதே விதிகளைக் காட்டி ஒப்புதல் வாங்கும் வசதியைப் பலர் வெறும் சடங்காக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் அறிவியல் குழுவில் 2,190 உரையாடல்களை வைத்து நேத்தன் மட்டியாஸ் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. விதிகளை மேலே தெரியும்படி வைத்தபோது புதியவர்களின் பங்கேற்பு சராசரியாக 70 சதவீதம் கூடியது. இங்கே நமக்குக் காவல் உண்டு என்று தெரிந்தால் கூச்சப்படுபவரும் வாய் திறக்கிறார். எங்கள் முதல் விதி: "எந்தக் கேள்வியும் ஏற்கெனவே கேட்கப்பட்டிருந்தாலும் மறுபடி கேட்கலாம்."

மாடரேட்டர்கள் எடுத்த நடவடிக்கைகளைப் பதிந்து வைக்கும் ஆடிட் லாக் 45 நாள் வரைதான் இருக்கும். ஒருவர் பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறாரா என்று பார்க்க அது போதாது. மாடரேட்டர்களுக்கு மட்டுமான சேனலில் தேதியும் காரணமும் எழுதி வைப்பது நல்லது. கூட்டமாக வந்து குப்பை கொட்டுபவர்களுக்கு, சேர்ந்து பத்து நிமிடம் கழித்தே பேச விடும் அமைப்பு போதும்.

எந்தக் கருவியும் உதவாத ஓர் இடம் உண்டு. பழைய பேனா பழுது பார்ப்பதில் எங்களிடம் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். ரப்பர் பை மாற்றுவது, வளைந்த நிப்பை நிமிர்த்துவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. பதிலும் சரியாக இருக்கும், கூடவே ஒரு குத்தலும் இருக்கும். அவர் போனால் அறிவு போய்விடும் என்று எல்லோரும் பயந்தார்கள். பேசிப் பார்த்தோம், டைம்அவுட் கொடுத்தோம், மாறவில்லை. கடைசியில் பேன் செய்தோம். அடுத்த சில வாரங்களில் பழுதுச் சேனலில் அதுவரை வாயே திறக்காத இருவர் படத்தோடு பதில் எழுத ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் அந்த வேலை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நாள்தோறும் உட்கார்ந்து படிக்க இரண்டு மூன்று பேர் இருக்கும் குழுவுக்கு டிஸ்கார்டைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஆள் இல்லாமல் ஆட்டோமாடை மட்டும் நம்பித் தொடங்குபவர்கள், சேனல்களைத் திறப்பதற்கு முன் அந்த இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள்.