வியாசர்பாடியில் பலகையில்லாத ஓர் அத்தோ கடையும் தீராத ஒரு வழக்கும்

அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் வேண்டுமென்றால் பாரிமுனைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே வரிசையாக நிற்கும் வண்டிகளில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசின் கைக்குப் போனபின், இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் குடியமர்ந்த இடங்களில் வியாசர்பாடியும் ஒன்று. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பலகாரத்துக்காக நான் ஏன் பஸ் ஏறிப் பாரிமுனைக்குப் போக வேண்டும்?

நான் சொல்லும் கடை எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. நீல நிறத் தார்ப்பாய், கண்ணாடி அடைத்த தள்ளுவண்டி, சுவரோரம் இரண்டு மர பெஞ்சுகள், அவ்வளவுதான். மாலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றும். எட்டு மணிக்குமேல் போனால் பாத்திரம் கழுவும் சத்தம்தான் கேட்கும்.

அத்தோவைப் பிசைவதில்தான் கடையின் தரம் தெரியும். இந்த அண்ணன் ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கைப்பிடி அள்ளி அகலமான எவர்சில்வர் பேசினில் போடுகிறார். அதன்மேல் மயிரிழையாக நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறத்தில் பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, வறுத்த கடலை மாவு. பிறகு புளித்தண்ணீர், உப்பு, இடித்த மிளகாய், கடைசியாகப் பூண்டு எண்ணெய். பல கடைகளில் எண்ணெயை முதலிலேயே ஊற்றிவிடுவார்கள்; அப்போது நூடுல்ஸ் வழுக்கும், புளி உள்ளே இறங்காது. இவர் புளித்தண்ணீரை ஊற்றி இரண்டு புரட்டு புரட்டிவிட்டு, அது ஊறும்வரை அடுத்தவருக்கு முட்டையைக் கீறிக்கொண்டிருப்பார். திரும்பி வந்துதான் எண்ணெய். பேஜோ என்ற பொரித்த தட்டையைத் தட்டில் வைக்கும் நொடியில்தான் நொறுக்குகிறார். அதனால் கடைசி வாய்வரை மொறுமொறுப்பு இருக்கிறது. தட்டு 70 ரூபாய், முட்டை சேர்த்தால் 90. வாழைத்தண்டு சூப் கேட்டால் கேட்டபடி கிடைக்கும்; அதற்குக் காசு வாங்குவதில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஏழு மணிக்குமேல் சூப் வற்றி உப்புக் கரிக்கிறது. மொய்ங்கா என்ற சூப் நூடுல்ஸ் எப்போதோ ஒரு நாள்தான் கிடைக்கும். எந்த நாள் என்று அவருக்கே தெரியாது. பணம் வந்ததை அறிவிக்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பெஞ்சின் தலைமாட்டிலேயே மாட்டி வைத்திருக்கிறார். நல்ல வாதம் ஒன்று உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து அது 'எழுபது ரூபாய் பெறப்பட்டது' என்று கத்தும்.

வாதம் என்றேனே, அந்தக் கடைக்கு நான் போவதற்கு அதுவும் ஒரு காரணம். நாங்கள் இரவுப் பணிக்காரர்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் பில்களைக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்பிப் பணம் வாங்கித் தருவது எங்கள் வேலை. அலுவலக வேன் ஆறரைக்குத்தான் வரும். அதுவரை பெஞ்சு எங்களுடையது. எங்கள் வாடிக்கையாளர்கள் ஒஹையோ மாநிலத்தவர்கள். செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை திங்கட்கிழமை அழைப்பு எதுவும் கால்பந்து பேசாமல் தொடங்காது. அவர்கள் கால்பந்து, பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடுவது. முதலில் மரியாதைக்குத் தலையாட்டினோம். பிறகு படித்தோம். இப்போது பெரிய பல்கலைக்கழகங்களைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை. ஊர் பேர் தெரியாத சின்னக் கல்லூரிகளில் ஆடியவர்களுள் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் யார் என்பதுதான் வழக்கு.

எங்களில் ஜான்சனுக்கு ஜெர்ரி ரைஸ். மிசிசிப்பியில் இட்டா பேனா என்ற சிற்றூர், அங்கே மிசிசிப்பி வேலி ஸ்டேட் கல்லூரி. ஆர்ச்சி கூலி என்ற பயிற்சியாளர் பந்தை ஓயாமல் எறியச் சொன்னார். வில்லி டாட்டன் எறிந்தார். கொத்தனார் மகனான ரைஸ் பிடித்தார். 1984-இல் அந்த அணி ஆட்டத்துக்குச் சராசரியாக அறுபது புள்ளி எடுத்தது. ரைஸ் மட்டும் 27 டச்டவுன்களுக்கு, அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்க, பந்தைப் பிடித்தார். "அதற்குப் பிறகு தொழில்முறை ஆட்டத்தில் பந்தைப் பிடித்துக் கடந்தது 22,895 யார்டு, அண்ணா. இன்னும் யாரும் பக்கத்தில்கூட வரவில்லை" என்று ஜான்சன் முடிப்பார்.

தண்டையார்பேட்டை கலா அக்கா விடமாட்டார். "எறிகிறவன் இல்லாமல் பிடிக்கிறவன் ஏது தம்பி? வால்டர் பேட்டனைப் பார். ஜாக்சன் ஸ்டேட்டில் ஓடினான், பந்தை உதைத்துப் புள்ளியும் எடுத்தான்." பேட்டன் சிகாகோ பேர்ஸ் அணிக்குப் போய் 16,726 யார்டு ஓடினார். அக்கா கடைசியில் இன்னொன்றை எடுத்து வைப்பார்: சின்னக் கல்லூரிகளின் ஒரு பிரிவில் 1987 முதல் தரப்படும், இப்போது தாக்குதல் ஆட்டத்தில் சிறந்தவருக்கான விருதே பேட்டன் பெயரில் இருக்கிறது.

அக்காவின் இன்னொரு வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பல 1960-களின் பிற்பகுதிவரை கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்கவே இல்லை. கதவைச் சாத்தியது அவர்கள். திறமையெல்லாம் கறுப்பினக் கல்லூரிகளில் போய்ச் சேர்ந்தது. அப்படி ஒரு கல்லூரியான கிராம்ப்ளிங்கில் பயிற்சியாளர் எடி ராபின்சன் 408 ஆட்டங்களை வென்றார். அவரிடம் பயின்ற டக் வில்லியம்ஸ்தான் 1988 ஜனவரியில் தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர். "இதைச் சின்னக் கல்லூரி என்று யார் சொன்னது? பணம் சின்னது, கட்டடம் சின்னது. ஆள் சின்னவனா?" என்று அக்கா கேட்கும்போது, அண்ணன்கூட முட்டை கீறுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

ஆனாலும் இருவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்பது என் கட்சி. கல்லூரியில் யார் பெரியவர் என்று கேட்டால், கல்லூரியை விட்டுப் போனபின் அவர் என்ன செய்தார் என்பதையா சாட்சியாகக் கூப்பிடுவது? ரைஸ் சான்பிரான்சிஸ்கோவில் பிடித்த பந்து எதுவும் இட்டா பேனா கணக்கில் சேராது. அந்த 1984 அணி பிளேஆஃப் ஆட்டத்தில் லூசியானா டெக்கிடம் 66-19 என்று தோற்றதையும் ஜான்சன் சௌகரியமாக மறந்துவிடுவார்.

என் ஆள் ஜோ டூடெக். நியூ ஹாம்ப்ஷயரில் பிளிமத் ஸ்டேட் என்ற கல்லூரி. கல்லூரி ஆட்டத்தின் கடைசித் தட்டான மூன்றாம் டிவிஷன், அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை ஒரு காசு தரமாட்டார்கள். படித்துக்கொண்டே ஓடி, பேட்டனின் டச்டவுன் சாதனையைத் தாண்டி, மொத்தம் 79 டச்டவுன்களோடு முடித்தார். 1985 டிசம்பரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை இவருக்குத்தான் தர வேண்டும் என்று அட்டையிலேயே கொடி பிடித்தது. விருது போ ஜாக்சனுக்குப் போனது. டூடெக் ஒன்பதாவது இடம். மூன்றாம் டிவிஷன் பையனுக்கு ஒன்பதாவது இடமே பெரிது. தொழில்முறை ஆட்டத்தில் அவர் பெரிதாக நிலைக்கவில்லை. அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கிறது. அவர் கணக்கு முழுவதும் அந்தச் சின்ன மைதானத்திலேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. பிற்காலப் புகழ் வந்து தராசுத் தட்டில் விரல் வைப்பதில்லை.

"யாரை எதிர்த்து அந்த 79?" என்பது அக்காவின் ஒரே கேள்வி. நியாயமான கேள்விதான். எதிரணியில் இருந்தவர்களும் உதவித்தொகை இல்லாத பையன்கள்தானே என்பேன். இவரைப் போலவே காலையில் வகுப்புக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். ஆட்டம் சமம், அந்தச் சமத்தில் இவர் மட்டும் தனியாக நின்றார்.

நடுவில் சமரசத்துக்கு ஜான்சன் டேனி வுட்ஹெட்டைக் கொண்டுவருவார். நெப்ராஸ்காவில் சாட்ரன் ஸ்டேட், இரண்டாம் டிவிஷன், ஐந்தடி எட்டங்குல உயரம், கல்லூரியில் மொத்தம் ஓடியது 7,962 யார்டு. இரண்டாம் டிவிஷனின் ஹார்லன் ஹில் விருதை 2006, 2007 என்று அடுத்தடுத்து வாங்கியவர். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காமலே தொழில்முறைக்குப் போய், சூப்பர் பௌலில் டச்டவுனும் பிடித்தார். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்த ஆள் என்பதால் யாரும் அவருக்காக உயிரைக் கொடுப்பதில்லை. ஒஹையோக்காரர்களைக் கேட்டால் அவர்கள் ஊர் மவுண்ட் யூனியன் கல்லூரியைத்தான் சொல்வார்கள்: பயிற்சியாளர் லேரி கெரஸ் 332 வெற்றி, 24 தோல்வி, 3 டிரா. அப்படி ஓர் இயந்திரத்தில் எந்த ஆட்டக்காரனைத் தனியாகக் கழற்றி எடுத்துப் புகழ்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முல்லை நகர் மைதானத்திலிருந்து பையன்கள் சேறு அப்பிய பூட்ஸோடு முட்டை மசாலாவுக்கு வருவார்கள். அவர்கள் ஆடுவது காலால் ஆடும் கால்பந்து. இதே வியாசர்பாடியிலிருந்து 'சென்னையின் எஃப்சி' அணிக்குப் போன தனபால் கணேஷைத் தெரியாதவர் அவர்களில் இல்லை. நாங்கள் பேசுவதை ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவன், இந்த மைதானத்தில் ஆடியவர்களிலேயே பெரியவர் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்றான். எத்தனை கோல் போட்டார் என்று அக்கா கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது, யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லா மைதானத்திலும் இப்படி ஓர் ஆட்டோக்காரர் இருப்பார் என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உதவித்தொகைகூட இல்லாத ஒரு கல்லூரியில் 1980-களில் ஓடிய பையனின் டச்டவுன்களை, பிறகு பிறந்த நான் வியாசர்பாடி பெஞ்சில் உட்கார்ந்து எண்ண முடிகிறது. அங்கே ஒருவன் பென்சிலோடு கோட்டருகே நின்றிருக்கிறான். இந்த ஆட்டோக்காரருக்கு அப்படி ஒருவன் வாய்க்கவில்லை.

அந்தப் பையனுக்கு அண்ணன் அன்று ஒரு முட்டை அதிகமாக வைத்தார். இங்கே முட்டை மசாலா என்றால், அவித்த முட்டையைக் கீறி, அதற்குள் பொரித்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் புளித்தண்ணீரும் விட்டுக் கையில் கொடுப்பது. ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டை போய்விடும்.

பார்சல் வாங்காதீர்கள். பேஜோவைத் தனியாகக் கட்டித் தந்தாலும், வீடு போய்ச் சேர்வதற்குள் நூடுல்ஸ் புளியைக் குடித்து ஊறிவிடும். ஐந்தரைக்குள் போனால் சூப் சரியாக இருக்கும், ஆனால் பெஞ்சு கிடைக்காது. எதற்கும் கலா அக்காவிடம் பேட்டன் பெயரைச் சொல்லிப் பாருங்கள், நகர்ந்து இடம் தருவார். சனி, ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. அன்று இரண்டு பெஞ்சும் காலியாக இருக்கும்.