தம்பி மகளுக்கு வாங்கிய அகல விளிம்புத் தொப்பி

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் எங்களுக்குக் கேரட் தோட்டம். தம்பி மகளுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே உடம்பில் நிறமி இல்லை, ஆல்பினிசம். அவளுக்காக ஊட்டி மார்க்கெட்டில் 380 ரூபாய்க்கு ஒரு துணித் தொப்பி வாங்கினேன்.

"இந்தக் குளிரில் வெயில் என்ன செய்யப் போகுது?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். உடம்பில் உறைக்காததால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நம் தோலுக்கு மெலனின் என்கிற நிறமிதான் காப்பு. இவளுக்கு அது கிடையாது. ஆல்பினிசம் உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் இளவயதிலேயே வரக்கூடும். முகம், காது, கழுத்து என்று வெயில் படும் இடங்களில்தான் அதிகம்.

கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டும் மறைக்கும். இதில் விளிம்பு சுற்றிலும் 8 செ.மீ. இருக்கிறது, காதும் பின்கழுத்தும் நிழலுக்குள் வந்துவிடுகின்றன. நெசவு நெருக்கம், ஜன்னலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது விளிம்பின் அடிப்பக்கம் கரும்பச்சையாக இருப்பது. வெள்ளையாக இருந்தால் தரையிலிருந்து எழும் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணில் அடிக்கும். ஆல்பினிசம் இருந்தால் கண்ணும் கூசும். போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தவள், "அத்தை, கண்ணு கூசல" என்றாள். எப்போதும் சுருங்கியே இருக்கும் அந்தக் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன.

குறையும் உண்டு. தாடைக் கயிறு மெலிசு, காற்றில் தொப்பி பறக்கிறது; நாடா வைத்துத் தைத்தேன். மூடுபனியில் நனைந்தால் விளிம்பு தொங்கிவிடுகிறது, காயவும் நேரமாகிறது. அதனால் இன்னொன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.

பள்ளியில் பிரேயரின்போது தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். டாக்டர் சீட்டோடு போய்ப் பேசினேன், சரி என்றார்கள். இப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்கத் தயங்காதீர்கள். தொப்பி மட்டும் போதாது: முழுக்கைச் சட்டை, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், அவ்வப்போது தோல் டாக்டரிடம் பரிசோதனை. ஆறாத புண் எதுவானாலும் உடனே காட்ட வேண்டும்.

அப்புறம், கம்பூட்ஸ் போட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. மெலனோமா என்று ஒரு வகைத் தோல் புற்றுநோய் உண்டு; நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோலில் அது பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வரும். அதற்கு வெயில் தேவையில்லை. பூட்ஸைக் கழற்றும்போது புதிதாகக் கறுப்புப் புள்ளி, பரவும் மச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சின்னப் பிள்ளை அளவு அந்தக் கடையில் குறைவு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.