எட்டு அங்குல மெத்தையும் நிற்காத விரிப்பும்

அண்ணன் மகள் புது வீட்டுக்குக் குடி போகிறாள். "அத்தை, நீங்கள் வாங்கிய அதே மெத்தைக்கு இப்போது தள்ளுபடி போட்டிருக்கிறார்கள். வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். போய்ப் பார்த்தேன். நான் கொடுத்த விலையில் முக்கால் பங்குதான் இப்போது. அந்த எரிச்சலும் இந்த எழுத்தில் கலந்திருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மெத்தையின் பெயர் வேண்டாம். இன்று இணையத்தில் விற்கும் மெத்தைகளில் பாதி இதே சாதிதான். கீழே கெட்டியான ஃபோம், மேலே மெமரி ஃபோம், அதன்மேல் ஜிப் வைத்த பாலியெஸ்டர் உறை. அளவு 78-க்கு 60. கட்டில் செய்யும் ஆசாரி 'ஆறரைக்கு ஐந்து' என்று சொல்வாரே, அது. கனம் எட்டு அங்குலம். இந்த எட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டையே அதனோடுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். காலையில் எழுந்ததும் இடுப்பைப் பிடித்தபடி சுவரோரம் நிற்கும் வழக்கம் எனக்கு இருந்தது. இப்போது இல்லை. முன்பிருந்த ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தை நடுவில் குழிந்துபோய், அவரவர் ஓரத்தில் படுத்தாலும் விடிவதற்குள் இருவரும் நடுக்குழியில் கிடப்போம். இதில் சில கோடைகள் கடந்தும் குழி விழவில்லை. என் வீட்டுக்காரர் இரவெல்லாம் புரளும் மனிதர். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுப்பதுகூட எனக்குத் தெரிவதில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்த ஃபோமைக் கண்டுபிடித்தவரைக் கும்பிடலாம்.

சூடு உண்டு. மெமரி ஃபோம் சூடு பட்டால் இளகுகிற பொருள். உடம்புச் சூட்டில் இளகித்தான் நம் வளைவுக்கு இடம் கொடுக்கிறது. எங்கள் திருச்சியில் மே மாதம் வந்துவிட்டால் நாம் படுப்பதற்கு முன்பே அறை அதை இளக்கிவிடுகிறது. மின்சாரம் போன இரவில் முதுகு நனைந்துவிடும். மார்கழியில் படுத்தவுடன் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது விரிப்பு.

கணக்கைப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் 'டபுள்' என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் 90-க்கு 100 அங்குல விரிப்பு. மெத்தையின் நீளம் 78. தலைமாட்டில் எட்டு, கால்மாட்டில் எட்டு என்று கனத்துக்கே பதினாறு போய்விடும். கூட்டினால் 94. செருகுவதற்கு மிஞ்சுவது ஆறு அங்குலம், பக்கத்துக்கு மூன்று. புதுத் துணிக்கே இதுதான் நிலைமை. பருத்தி முதல் சில துவைப்பில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை சுருங்கும். நூறு அங்குலம் 95 ஆகிவிட்டால் மிச்சம் ஓர் அங்குலம். ஓர் அங்குலத்தை மெத்தைக்கு அடியில் செருகி அது நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

அதே விரிப்பு பழைய நான்கு அங்குல மெத்தையில் எப்படி உட்கார்ந்தது என்றால், 78-உம் 8-உம் 86. பதினான்கு அங்குலம் மிச்சம், பக்கத்துக்கு ஏழு. சுருங்கிய பிறகும் தாராளம். அந்தக் காலத்தில் விரிப்பு கசங்கும், ஆனால் கழன்று வராது. மெத்தை கனத்துக்கொண்டே போகிறது. விரிப்பு மட்டும் நான்கு அங்குல காலத்திலேயே நிற்கிறது. மெத்தை விற்பவரின் பக்கத்தில் அடர்த்தி, அடுக்கு, உத்தரவாதம் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கின்றன. 'இதற்கு 108 அங்குல நீள விரிப்பு வேண்டும்' என்ற ஒரு வரி எங்கும் இல்லை.

என் அலமாரியில் இருப்பவை சாதாரண விரிப்புகள் அல்ல. கல்யாணத்துக்கு வந்தவை, சென்னிமலையில் வாங்கியவை, கரூரில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை. துவைக்கத் துவைக்க மென்மையான நல்ல பருத்தி. எல்லாம் 90-க்கு 100. எல்லாமே இப்போது விருந்தாளி போர்த்திக்கொள்ளவும், மொட்டை மாடியில் வற்றல் காயவைக்கவும்தான்.

நீளம் மட்டும்தான் குறை என்றால் 90-க்கு 108 வாங்கிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். வாங்கவும் செய்தேன். செருகினால் நிற்கிறது, இரவு பத்து மணி வரை. மெமரி ஃபோம் ஆளைத் தனக்குள் இறக்கிக்கொள்கிறது அல்லவா, மேலே கிடக்கும் துணியையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. புரளப் புரள நான்கு மூலைகளிலிருந்தும் துணி நடுவை நோக்கி நகர்கிறது. அடியில் இருக்கும் பாலியெஸ்டர் உறையோ வழுவழுப்பு, எதையும் பிடித்துவைக்காது. விடியும்போது விரிப்பு என் காலில் வேட்டி போலச் சுற்றிக் கிடக்கும். மறுபடி செருக வேண்டுமானால் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் மெத்தையின் மூலையைக் குனிந்து தூக்க வேண்டும். இரவில் அது சரிசெய்த இடுப்பைக் காலையில் அதுவே திரும்ப வாங்கிக்கொள்கிறது.

எலாஸ்டிக் வைத்த விரிப்பு வாங்கலாமே என்பார்கள். வாங்கினேன். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: எட்டு அங்குல மெத்தைக்கு எட்டு அங்குலப் பக்கச்சுவர் கொண்ட விரிப்பு போதாது. எலாஸ்டிக் அடியில் திரும்பிப் பிடிப்பதற்கு இன்னும் மூன்று நான்கு அங்குலம் வேண்டும். நான் வாங்கியதில் எலாஸ்டிக் நான்கு மூலையில் மட்டும்தான், சுற்றிலும் இல்லை. ஒரு மூலையை மாட்டினால் எதிர்மூலை பட்டென்று தெறிக்கும். விரிப்புக்கு அடியில் மாட்டும் கிளிப் பட்டைகள் கொஞ்ச காலம் உழைத்தன. பிறகு கிளிப் கடித்த இடத்தில் துணி இழை விட ஆரம்பித்தது.

ஓரளவு கை கொடுத்தது எதிர்பாராத ஒன்று. மெத்தை நனையாமல் இருக்கப் போடும் உறை இருக்கிறதே, மேலே குளியல் துண்டு போல வளைய வளையமான நூலும் அடியில் தண்ணீர் புகாத படலமும் கொண்டது, அந்த வளைய நூல் விரிப்பைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் படலம் காற்றை விடாது. விரிப்பு நிற்க வேண்டுமானால் வியர்க்க வேண்டும், வியர்க்காமல் இருக்க வேண்டுமானால் விரிப்பு நிற்காது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அன்றைய வெயிலைப் பொறுத்தது.

கடைசியில் தையல்காரரிடம் போனேன். தொண்ணூறு அங்குல அகலத் துணியில் மூன்று மீட்டர் வெட்டி, தைக்கும் முன் இரண்டு முறை துவைத்துச் சுருக்கி, மூலையில் மட்டும் இல்லாமல் சுற்றிலும் எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொன்னேன். அது ஒன்றுதான் விடியும் வரை நிற்கிறது. வழுவழுவென்று மின்னும் சாட்டின் நெசவு வேண்டாம். சாதாரண குறுக்கு நெடுக்கு நெசவுதான் நகராது. என்னிடம் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. அது துவைக்கப் போகும் நாளில் மறுபடி பழைய கதை.

அம்மா வந்து தங்கும்போது இன்னொரு தொல்லை. எங்கள் கட்டில் பதினெட்டு அங்குல உயரம், நாற்காலியின் உயரம்தான். அதன்மேல் எட்டு ஏறினால் இருபத்தாறு. அம்மாவுக்குக் கால் தரையில் எட்டாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கால் தொங்க யோசிப்பார், இறங்கலாமா வேண்டாமா என்று. இப்போதெல்லாம் பக்கத்து அறையில் இலவம்பஞ்சு மெத்தையில்தான் படுக்கிறார்.

அந்த மெத்தை போடிநாயக்கனூரிலிருந்து வந்தது. கண்முன்னே பஞ்சை அடைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். கழிவுப் பருத்தி கலக்கவில்லை என்று நம்ப அதுதான் வழி. இலவம்பஞ்சு இழை உள்ளே வெறும் குழல், மேலே மெழுகுப் பூச்சு. அதனால் ஈரத்தை எளிதில் வாங்காது, வெயிலில் போட்டால் மறுபடி உப்பும். அடிக்கடி மாடிக்குத் தூக்கிக் காயவைக்க வேண்டும், தட்ட வேண்டும், வருடங்கள் போனால் அமுங்கிப்போகும். ஃபோமை அப்படி வெயிலில் போடவும் கூடாது. மஞ்சள் பாரித்துப் பொடியும். வேலை வாங்குவதில் இலவம்பஞ்சுதான் மோசம். ஆனால் அதன்மேல் போட்ட சென்னிமலை விரிப்பு போட்டபடியே கிடக்கிறது. அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமை.

மெமரி ஃபோம் 1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளின் பாதுகாப்புக்காக உருவானதாம். விமான இருக்கைக்கு யாரும் விரிப்பு விரிப்பதில்லை.

அண்ணன் மகளுக்குச் சொன்னது இதுதான். அறை பத்துக்குப் பத்து என்பதால் ஆறடி அகலம் வேண்டாம், ஐந்தடி போதும். ஆறடிக் கட்டில் போட்டால் பீரோ கதவைத் திறக்க இடம் இருக்காது. நீளத்துக்கு 72, 75, 78 என்று மூன்று விதமாக விற்கிறார்கள். கட்டிலின் வெளியளவைப் பார்க்காதே, சட்டத்துக்கு உள்ளே டேப் வைத்து அளந்துபார். கனம் ஐந்து அல்லது ஆறு அங்குலத்துக்கு மேல் போகாதே. உங்கள் இருவர் எடைக்கு அது தாங்கும். என் மெத்தையைத்தான் வாங்குவேன் என்றால் விரிப்புச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு வாங்கு. "அப்படியானால் நல்ல மெத்தை இல்லையா, அத்தை?" என்றாள். நல்ல மெத்தைதான். வாங்காதே.

விற்ற இடத்தில் நட்சத்திரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். முதுகு மட்டும் தீர்ப்புச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து. தையல்காரர் தைத்த விரிப்பு மெத்தையில் இருக்கும் வாரமாக இருந்தால் நான்கு நட்சத்திரமாவது கொடுத்திருப்பேன். இன்று அது கொடியில் காய்கிறது, காலையில் கடையில் வாங்கியதைத்தான் போட்டேன். இரண்டு.