கடற்கரையில் கூடாரம் போட 130 வெள்ளி: அந்த மஞ்சள் மேலாடைக்காரரிடம் ஏமாறாதீர்கள்

போன பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பமும் அக்கா குடும்பமும் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போனோம். பத்து ஃபெரிங்கியைத் தாண்டி தெலுக் பஹாங் போகிற வழியில், சவுக்கு மரங்கள் நிற்கும் ஒரு சின்னக் கடற்கரை. கூடாரத்தில் ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த விடுமுறைக்குள் நாலு குடும்பமாவது இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். காடியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்தார். ஒளிரும் மஞ்சள் மேலாடை, கழுத்தில் ஏதோ அட்டை, கையில் ரசீதுப் புத்தகம். "பாஸ், இன்றைக்கு இங்கேதான் தங்கலா?" என்று மலாயில் அன்பாகத்தான் கேட்டார். கூடாரத்துக்கு 35 வெள்ளி, காடிக்கு 10, துப்புரவுக்கு 20 என்றார். இரண்டு கூடாரம், இரண்டு காடி, ஆக 110. கடலை ஒட்டிய முன்வரிசை வேண்டுமென்றால் மேலே 20. பிள்ளைகள் முன்வரிசையைத்தான் காட்டினார்கள். 70 வெள்ளியை நான் ரொக்கமாகக் கொடுத்தேன். மீதி 60 வெள்ளியை அத்தான் கியூஆர் மூலம் அனுப்பினார்.

அனுப்புவதற்கு முன் கைப்பேசித் திரையில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. அத்தான் அதை என்னிடம் காட்டவும் செய்தார். "வசூல் செய்கிற ஆள் பெயராக இருக்கும், அனுப்புங்க அத்தான்" என்று சொன்னது நான்தான். அந்த ஒரு நொடியில் கையை நிறுத்தியிருந்தால் போதும்.

ரசீதை இப்போது எடுத்துப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. புத்தகக் கடையில் கிடைக்கும் சாதாரண ரசீதுத் தாள். மேலே 'ரெசிட் ரஸ்மி', அதாவது அதிகாரபூர்வ ரசீது என்று அச்சாகியிருக்கிறது. அதற்குக் கீழே அலுவலகத்தின் பெயர் இருக்க வேண்டிய கோடு காலியாகக் கிடக்கிறது. ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை, அதில் 'பெங்குருசான் பந்தாய்', அதாவது கடற்கரை நிர்வாகம். எந்த நிர்வாகம்? முகவரி இல்லை, அலுவலக எண் இல்லை, கையெழுத்து என்று ஒரு சுழி.

அன்று பௌர்ணமிக்கு மறுநாள். ராத்திரி ஒரு மணி வாக்கில் அக்காவின் சின்ன மகன் எழுந்து, "அம்மா, பாய் நனையுது" என்றான். விளக்கை அடித்துப் பார்த்தால், கூடாரத்து முளைகளைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் அதிகமாக ஏறும். அந்தக் கடற்கரையிலேயே பிழைப்பு நடத்துகிறவருக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்தே 20 வெள்ளி கூடுதலாக வாங்கிக்கொண்டு, ஐந்து பிள்ளைகளை அலை ஏறும் இடத்தில் படுக்க வைத்திருக்கிறார். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம், இதை என்னால் விட முடியவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக் காடியில் போட்டுவிட்டு இருட்டில் சாமான்களை இழுத்தோம். அரிசிப் பை நனைந்துவிட்டது, என் மகளின் ஒரு செருப்பு கடலோடு போனது. அவர் கொடுத்த எண்ணுக்கு ஏழு முறை அழைத்தேன். எடுக்கவே இல்லை.

காலையில் துப்புரவுப் பணியாளர்கள் வந்தார்கள். அவர்களில் வயதான ஒரு தமிழ் அம்மா, விளக்குமாற்றை மரத்தில் சாய்த்துவிட்டு எங்கள் ரசீதை வாங்கிப் பார்த்தார். "யாருக்குத் தம்பி காசு குடுத்தீங்க? இந்த மணலுக்கு ஏது வாடகை? குப்பை கூட்டுறது நாங்க, எங்களுக்குச் சம்பளம் மாநகர் கழகம் குடுக்குது." துப்புரவுக்கென்று நாங்கள் கட்டிய 20 வெள்ளி அந்த அம்மா கைக்கு ஒரு காசாகக்கூடப் போகவில்லை.

அலையடிக்கும் கரை மாநில அரசின் நிலம். அரசு நிலத்தை அனுமதியில்லாமல் பிடித்துவைத்துக்கொள்வது தேசிய நிலச் சட்டத்தின்படி குற்றம். அப்படியிருக்க, தனி ஆள் ஒருவர் அதைக் கூறுபோட்டு வாடகைக்கு விட முடியாது. அதற்காக எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்றும் அர்த்தமில்லை. சில இடங்களில் தங்குவதற்கு அனுமதி வேண்டும். அதை மாநகர் கழகத்திலோ நில அலுவலகத்திலோ முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், நாங்கள் கேட்கவில்லை. காசு கட்டியாயிற்று, இனி எல்லாம் சரி என்று நினைத்துவிட்டோம்.

அந்த நினைப்புதான் ஆபத்து. 2022 டிசம்பர் 16 விடியற்காலை, சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. அங்கே தங்கியவர்களும் எங்களைப் போல் பிள்ளைகளோடு விடுமுறைக்குப் போனவர்கள்தான்.

முறையாகக் கட்டணம் வாங்கும் இடங்களைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. தெலுக் பஹாங்கிலேயே பினாங்கு தேசியப் பூங்கா இருக்கிறது, 2003-இல் அரசிதழில் வந்தது. வனவிலங்குத் துறை பார்த்துக்கொள்கிறது. ஆமைகள் முட்டையிட வரும் பந்தாய் கெராச்சுட் அதற்குள்தான். அங்கே போவதாக இருந்தால் வாசலில் உள்ள கவுண்டரில் பதிவு செய்யுங்கள். கட்டணம் எதுவானாலும் அங்கேயே கட்டி, துறையின் பெயர் போட்ட ரசீதை வாங்குங்கள். காட்டுப் பாதையையும் ஆமைகளையும் பார்த்துக்கொள்ளப் பணம் வேண்டாமா?

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அன்று காலையே போலீசில் புகார் கொடுத்தோம். பசியாறக்கூட இல்லை, ஈரத் துணியோடுதான் போனோம். கியூஆரில் பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே உங்கள் வங்கிக்கோ 997-க்கோ, அதாவது தேசிய மோசடி எதிர்வினை மையத்துக்கோ அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். நாங்கள் மறுநாள்தான் அழைத்தோம். இன்னொன்று, யாருக்காவது பணம் அனுப்புவதற்கு முன் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணையோ கைப்பேசி எண்ணையோ போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும்.

130 வெள்ளி இன்னும் திரும்பவில்லை. ரசீதின் நகலைப் புகாரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறோம், அசல் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் தங்கியவர்கள் யாரிடமாவது அதே ஊதா முத்திரை போட்ட ரசீது இருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடாதீர்கள். நீங்களும் ஒரு புகார் கொடுங்கள்.