ஒரு நாள் எண்ணெய் போடாமல் இருப்பதா, ஒரேயடியாக எண்ணெயை விடுவதா?

எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் பெட்ரோல் விலையை எதிர்க்கும் அந்தச் செய்தி மறுபடியும் வந்துவிட்டது. "வருகிற 15ஆம் தேதி யாரும் எண்ணெய் போடாதீர்கள். ஒரே ஒரு நாள். அப்போதான் அவனுங்களுக்குப் புரியும்." அந்த 'அவனுங்க' யார் என்று செய்தியில் இல்லை. கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். அதற்கும் கீழே ஒரு தம்பி, "மின்சாரக் காடி (கார்) வாங்கிட்டா இந்த வம்பே இல்லண்ணே" என்று எழுத, "நீ வாங்கிக் குடு" என்று உடனே பதில் வந்தது. அதோடு பேச்சு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் விலைக்குத் தாவிவிட்டது.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வேலை ஈப்போவில். பழைய சாலையில் போய்வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். எங்கள் ஊரில் என்னைப் போல் நிறையப் பேர். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, தோட்டத்தில் பிறந்தவர்கள் தாமானுக்கு வந்து, பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் வெளியூர் போகும் ஊர் இது. அதனால் குழுவில் விளையாட்டாகப் போன அந்த இரண்டு யோசனைகளையும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் விலை எங்கே தீர்மானமாகிறது என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் எண்ணெய் நிலைய முதலாளி விலை வைப்பதில்லை. எந்தக் கம்பெனிப் பலகை தொங்கினாலும் ரோன்95 பெட்ரோல் ஒரே விலைதான். வாரா வாரம் அரசாங்கம் அறிவிக்கிறது. 2021 முதல் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 5 காசில் கட்டி வைத்திருந்தார்கள். 2025 செப்டம்பர் 30இல் பூடி95 என்ற சலுகை விலைத் திட்டம் வந்தது. மைகார்டு அடையாள அட்டையைச் செருகும் குடிமக்களுக்கு 1 வெள்ளி 99 காசு, தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை. மற்றவர்களுக்கு 2 வெள்ளி 60 காசு என்று அது தொடங்கியது. நிலையக்காரருக்குக் கிடைப்பது லிட்டருக்கு 15 காசு கமிஷன். மின்கட்டணம், கல்லாவில் உட்காரும் பிள்ளையின் சம்பளம், வங்கி அட்டைக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான்.

இப்போது 15ஆம் தேதிப் புறக்கணிப்பை இதன் மேல் வைத்துப் பாருங்கள். 14ஆம் தேதி ராத்திரி எல்லா நிலையத்திலும் வரிசை நிற்கும். 15 காலியாக இருக்கும். 16 மறுபடி வரிசை. ஓடிய கிலோமீட்டர் குறையவில்லை என்றால் எரிந்த எண்ணெயும் குறையவில்லை. அமெரிக்காவில் 1999 ஏப்ரல் 30இல் மின்னஞ்சல் வழியாக இதே போல் ஒரு 'எண்ணெய் போடாத நாள்' அழைப்பு பரவியது. அதனால் விலை ஒன்றும் இறங்கிவிடவில்லை. நம் ஊரில் சுற்றுவது அதன் பேரப்பிள்ளைதான். தேதி மட்டும் மாறுகிறது.

"சரி, ஒரு நாள் வேண்டாம், ஒரே ஒரு கம்பெனியை மாதக்கணக்கில் ஒதுக்குவோம்" என்பது இன்னொரு வகை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணெய் என்பது சேர்மானம் மட்டும் வேறுபடும் ஒரே சரக்கு. கம்பெனிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி விற்பதும் உண்டு. ஒதுக்கிய நிலையத்தில் விற்காதது அடுத்த நிலையத்தில் விற்கும். அடிபடுவது அந்த 15 காசுக்காரர். அதிலும் அரசாங்கத்துக்கே சொந்தமான பெட்ரோனாஸை ஒதுக்குவோம் என்று ஒருவர் சொன்னபோது சிரிப்புதான் வந்தது. 2024இல் அது அரசாங்கத்துக்குக் கொடுத்த ஈவுத்தொகை 3,200 கோடி வெள்ளி. நம் சட்டைப்பையில் நாமே கத்தரி வைப்பதற்குப் புறக்கணிப்பு என்று பெயர் எதற்கு?

புறக்கணிப்பே பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1995இல் வடகடலில் இருந்த ஒரு பழைய எண்ணெய்ச் சேமிப்பு மிதவையை அட்லாண்டிக் ஆழத்தில் மூழ்கடிக்க ஷெல் கிளம்பியது. ஜெர்மனியில் மக்கள் அதன் நிலையங்களுக்குப் போவதை நிறுத்தினார்கள். ஜூன் மாதத்திலேயே கம்பெனி பின்வாங்கியது. மொரோக்கோவில் 2018 ஏப்ரலில் மூன்று சரக்குகளை மக்கள் ஒதுக்கினார்கள்: ஒரு கம்பெனியின் பால், ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஒரு எண்ணெய் நிலையத் தொடர். பால் கம்பெனியின் விற்பனை படுத்துவிட்டது. கடைசியில் விலையைக் குறைத்தது. அந்த நாட்டில் 2015 கடைசியிலேயே எண்ணெய் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே விலையைக் கம்பெனி வைக்கிறது. அதனால் கம்பெனியின் கதவைத் தட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே யார் கதவைத் தட்டுவது? அது வாக்குப் பெட்டி சம்பந்தப்பட்ட விஷயம், எண்ணெய்த் தொட்டி சம்பந்தப்பட்டது இல்லை.

2008ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 5ஆம் தேதி பெட்ரோல் 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்கு ஒரே தாவாகத் தாவியது. முதல் நாள் சாயங்காலம் அறிவிப்பு வந்ததும் நாடு முழுக்க வண்டிகள் சாலை வரைக்கும் நின்றன. அதே டிசம்பரில் விலை 1 வெள்ளி 80 காசுக்கு வந்துவிட்டது. யாரும் புறக்கணித்ததால் இல்லை. உலகப் பொருளாதாரம் சாய்ந்து, ஜூலையில் பீப்பாய் 147 டாலர் வரை போன கச்சா எண்ணெய் டிசம்பரில் 40 டாலர் அளவுக்கு இறங்கியதால். உலகமே வண்டியை நிறுத்தினால்தான் அந்த விலை அசையும். சுங்கை சிப்புட் ஒரு நாள் நிறுத்தினால் அசையாது.

அடுத்தது மாற்று எரிபொருள். இதில் மூன்று பேரைப் பார்க்கலாம், ஆனால் மூவருக்கும் சம இடம் கொடுக்க முடியாது.

எரிவாயு, அதாவது என்ஜிவி, கதை முடிந்துவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் கோலாலம்பூரில் டாக்சி ஓட்டியபோது அதைத்தான் புகழ்வார். ரோன்95 2 வெள்ளி 5 காசு விற்றபோது எரிவாயு 1 வெள்ளி 5 காசு, பாதி விலை. பின்பெட்டியைச் சிலிண்டர் அடைத்துக்கொள்ளும், பயணியின் பெட்டியை மடியில்தான் வைக்க வேண்டும், அது வேறு. ஆனால் நிலையங்கள் பெரும்பாலும் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கோடு நின்றுவிட்டன. சிலிண்டர்களுக்கும் வயதாகிவிட்டது. பாதுகாப்பு காரணமாக 2025 ஜூலையோடு அந்த வண்டிகளுக்கு வழி மூடப்பட்டது. அப்போது நாட்டில் மீதி இருந்தவை 45,000க்கும் குறைவு. மலிவாக இருந்தும் ஒரு எரிபொருள் செத்துப்போகும் என்பதற்கு நம் கண் முன்னால் நடந்த உதாரணம் இது.

செம்பனை எண்ணெய். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். வீட்டு வாசலில் நின்றால் தெரிவதெல்லாம் செம்பனை. குலை ஏற்றிய லோரி போகிற வழியில் பழம் சிந்திக்கொண்டே போகும். அதையே எரித்து ஓடினால் என்ன என்று சின்ன வயதில் கேட்டதுண்டு. எரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்: 2019இல் நம் டீசலில் 10 விழுக்காடு செம்பனையிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கத் தொடங்கினார்கள். ஆனால் அதனால் டீசல் மலிவாகவில்லை. 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனபோது அந்த 10 விழுக்காடு யாரையும் காப்பாற்றவில்லை. காரணம் எளிது. கச்சா எண்ணெய் ஏறினால் அதோடு செம்பனை எண்ணெயும் ஏறுகிறது. 2022 தொடக்கத்தில் டன் 7,000 வெள்ளியைத் தாண்டியது. தோட்ட முதலாளிக்கும் சிறுதோட்டக்காரருக்கும் அது தீபாவளி. சமையலறைக்கும் பம்புக்கும் இல்லை. இந்தோனேசியா 2025இல் 40 விழுக்காடு கலப்புக்குப் போனது. அங்கேயும் விலை வித்தியாசத்தை ஈடுகட்ட ஏற்றுமதியில் தீர்வை வாங்கித்தான் சமாளிக்கிறார்கள். பிரேசிலில் 1975இல் கரும்பு எத்தனாலை நம்பி இறங்கினார்கள். எண்பதுகளின் கடைசியில் ஆலைகள் சர்க்கரை பக்கம் போய்விட, எத்தனால் வண்டி வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். இரண்டையும் குடிக்கும் வண்டிகள் 2003இல் வந்த பிறகுதான் அங்கே ஓட்டுநருக்குப் பம்பு முன்னால் உண்மையான தேர்வு கிடைத்தது. அப்படிப்பட்ட வண்டி நம்மிடம் இல்லை. ஆக, தின்பதற்கும் ஆகும் பொருளை எரித்து விலையை வெல்லலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

(கோரேங் பீசாங், அதாவது வாழைப்பழப் பஜ்ஜி, கடைப் பழைய எண்ணெயை வடிகட்டித் தன் பழைய லோரியில் ஊற்றிய ஒரு மாமாவை எனக்குத் தெரியும். லோரி ஓடியது. பின்னால் போனவர்களுக்கெல்லாம் பசி வந்தது. இன்றைய டீசல் இயந்திரங்களில் அந்த வேலையைச் செய்து பார்க்காதீர்கள், இன்ஜெக்டர் போய்விடும்.)

மீதி மின்சாரம். இதைத்தான் புறக்கணிப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி நியாயமாக எடை போட முடியும்.

என் கணக்கு இது. மாதம் 24 நாள், நாளுக்கு 60 கிலோமீட்டர், மொத்தம் 1,440. என் சின்னக் காடி 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கிறது. 86 லிட்டர், 1 வெள்ளி 99 காசு என்றால் 172 வெள்ளி. மின்சாரக் காடி 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் யூனிட் 45 காசுக்கு ஏற்றினால் 216 யூனிட், 97 வெள்ளி. மிச்சம் 75 வெள்ளி. புறக்கணிப்பில் மிச்சம் பூஜ்யம். இந்த இடத்தில் மின்சாரம் ஜெயிக்கிறது, சந்தேகமில்லை. பெட்ரோலுக்கு 2 வெள்ளி 60 காசு கொடுக்க வேண்டி வந்தால் இன்னும் நன்றாகவே ஜெயிக்கிறது. அப்போது மிச்சம் 127 வெள்ளிக்கு ஏறிவிடும். எண்ணெய் விலை ஏற ஏற மின்சாரத்தின் பக்கம் தராசு சாயும். புறக்கணிப்புக்கு அந்தக் குணம் கிடையாது.

ஆனால் 75 வெள்ளி மிச்சம் பிடிக்க எவ்வளவு செலவழிக்க வேண்டும்? நம் பேராக்கிலேயே, தஞ்சோங் மாலிமில், புரோட்டோன் மின்சாரக் கார் ஆலையை 2025இல் திறந்துவிட்டது. 60,000 வெள்ளியை ஒட்டிய விலையிலேயே சின்ன மாடல் வந்துவிட்டது. பெரோடுவாவும் அந்த டிசம்பரில் ஒன்றை இறக்கியது: வண்டி 80,000 வெள்ளி, பேட்டரிக்கு மாத வாடகை தனியாக 275 வெள்ளி அளவில். வாடகையைப் பாருங்கள். என் மொத்த மாத எண்ணெய்ச் செலவைவிட அது நூறு வெள்ளி அதிகம்! வண்டி புதிதாக வாங்கியே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர் மின்சாரத்தை யோசிக்கலாம். ஓடுகிற வண்டியை விற்றுவிட்டு எண்ணெய்க் காசை மிச்சம் பிடிக்க மாறுவது கூட்டல் தெரிந்தவர் செய்யும் வேலை இல்லை. நாளுக்கு 150 கிலோமீட்டர் ஓடுபவருக்குக் கணக்கு வேறு. அவர் முதலில் மாறட்டும்.

அப்புறம் பிளக் எங்கே இருக்கிறது என்பதும் கேள்வி. தாமான் தரைவீடு என்றால் வாசலில் ராத்திரி ஏற்றிக்கொள்ளலாம். மலிவு விலை அடுக்குமாடியில் நான்காவது மாடியில் குடியிருப்பவர் ஜன்னல் வழியாக வயரைத் தொங்கவிட முடியுமா? தோட்டத்து லயத்தில் இன்னும் இருப்பவருக்கும் இதே கதைதான்.

கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களை இரண்டு கட்சியும் மறந்துவிடுகின்றன. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி அது. என் அதே ஈப்போ தூரத்துக்கு மாதம் 57 வெள்ளிதான். அவர் மின்சார மோட்டார் வாங்கி என்ன பெரிதாக மிச்சம் பிடிக்கப்போகிறார்? அவரைக் கடிக்கிற எண்ணெய் விலை பம்பில் இல்லை, காய்கறி லோரியின் டீசலில் இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு என் முடிவு: விலையை எதிர்க்கும் ஆயுதமாகப் புறக்கணிப்பு தோற்கிறது, மின்சாரம் பாதி ஜெயிக்கிறது. இரண்டையும் முந்துகிற ஒன்று கேட்பாரில்லாமல் கிடக்கிறது. என் காடியில் நான்கு இருக்கை. காலையில் மூன்று காலி. நான்கு பேர் போனால் ஆளுக்கு 43 வெள்ளி. மிச்சம் 129 வெள்ளி, புது வண்டி வாங்காமலே. குழுவில் 15ஆம் தேதிக்குக் கட்டைவிரல் வைத்தவர்களில் ஆறு பேராவது காலை ஆறரைக்கு எனக்கு முன்னும் பின்னும் தனித்தனிக் காடியில் ஈப்போவுக்குப் போகிறவர்கள். நானும் அப்படித்தான் போகிறேன், அதை மறைக்கவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்றுசேரத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இங்கே பிறந்த அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. பால் வெட்டுகிறவர்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். 'விற்காதே' என்று கத்திக்கொண்டிருக்கவில்லை, சேர்ந்து வாங்கினார்கள். குழுவில் இதைத்தான் எழுதினேன், கூடவே நாலு பேர் காடிக் கணக்கையும். ஒரு அண்ணன் மட்டும் "ஆறரைக்கா, ஆறே காலுக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த எந்தக் கணக்கிலும் அடங்காத ஒருவர் எங்கள் வரிசையிலேயே இருக்கிறார். எழுபது வயது தாண்டிய மாமா, பிறந்ததும் வளர்ந்ததும் பக்கத்துத் தோட்டத்தில், கையில் இன்னும் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அட்டை. சலுகை விலை குடிமக்களுக்குத்தான் என்பதால் அவர் அட்டையைச் செருகினால் பம்பு அசையாது. ஐம்பது வருடம் இந்த மண்ணில் மோட்டார் ஓட்டியவர் முழு விலை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் அவருடைய மகள் அந்தப் பழைய மோட்டாரை நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்த் தன் மைகார்டில் எண்ணெய் போட்டுத் தருகிறாள். மாமா பின்னால் உட்கார்ந்து வருகிறார். அவள் அட்டையைச் செருகும் நேரத்தில் இறங்கி, காற்றடிக்கும் இடத்துப் பக்கம் போய் நின்றுகொள்கிறார்.