13 அல்லது 13ஆர்: நான்கு மாடி மரக் கட்டடத்துக்கு எந்த ஸ்பிரிங்ளர் விதி?

அமெரிக்காவில் நான்கு மாடி மர அடுக்ககம் கட்டுபவர், தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர்களுக்கான இரண்டு விதித்தொகுப்புகளில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ 1896 முதல் வெளியிட்டு வரும் 13 ஒன்று. அதே சங்கம் தாழ்வான குடியிருப்புகளுக்கென்று 1989-இல் கொண்டுவந்த 13ஆர் மற்றொன்று. ஒப்பந்ததாரர் 13ஆர் பக்கம் சாய்வார். ஐயம் வந்தால் நகரத்தின் கட்டட ஆய்வாளர் 13 பக்கம் சாய்வார்.

நோக்கத்திலேயே இரண்டும் பிரிகின்றன. 13 ஆட்களோடு கட்டடத்தையும் காக்கப் பார்க்கிறது. 13ஆர் ஆட்கள் உயிரோடு வெளியேறுவதற்கு முதலிடம் தருகிறது. அதனால் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே மரச்சட்டங்கள் நிறைந்த வெளியில் ஸ்பிரிங்ளர் வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிறது. தண்ணீரும் குறைவு: வீடுகளுக்குள் ஒரு சதுர அடிக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 0.1 காலன் என்று 13 கேட்கும் இடத்தில் 13ஆர் 0.05-இல் நிறைவடைகிறது. குளியலறைக்கு ஸ்பிரிங்ளர் வேண்டுமா என்று சண்டை போடுவதுதான் வீண். 55 சதுர அடிக்கு மேற்படாத குளியலறைக்குச் சில நிபந்தனைகளோடு 13-உம் விலக்கு தருகிறது.

2015 ஜனவரி 21 அன்று நியூஜெர்சியின் எட்ஜ்வாட்டரில் எரிந்த அடுக்ககத்தை இரு தரப்பும் சாட்சிக்கு அழைக்கும். குழாய் பழுதுபார்க்கத் தீச்சுடர்க் கருவியைப் பயன்படுத்தியபோது சுவருக்குள் பற்றிய தீ, மறைவெளிகள் வழியே பரவியது. 240 வீடுகள் போயின. உயிரிழப்பு இல்லை. அங்கே இருந்தது 13ஆர் அமைப்பு. ‘யாரும் சாகவில்லையே, விதி சொன்னதைச் செய்தது’ என்பார் ஒப்பந்ததாரர். ‘வீடு எங்கே?’ என்பார் ஆய்வாளர். விதியின்படி ஒப்பந்ததாரர் சொல்வது சரி. ஆனால் குடியிருப்பவர் என்ன எதிர்பார்த்து வாடகை கட்டுகிறார் என்பதை அந்தப் பதில் கணக்கில் எடுக்கவில்லை.

13-இன் செலவையும் மறைக்கக் கூடாது. குளிர் மாநிலங்களில் கூரையடியில் ஓடும் குழாயில் தண்ணீர் உறையும். தண்ணீருக்குப் பதில் அழுத்தக் காற்றை நிரப்பி வைக்கும் உலர்குழாய் அமைப்பு தேவைப்படும். அதற்குக் காற்றழுத்தி, தனி வால்வு, கூடுதல் பராமரிப்பு என்று பட்டியல் நீளும். ஆனால் மறுபக்கத்தில் ஒரு லாபம் இருப்பதைக் குழாய் விலையை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுகிறார்கள். சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பில், ஒரு மணிநேரம் தீயைத் தாங்கும் மரச்சட்ட அடுக்ககத்துக்கு 13ஆர் போட்டால் அனுமதிக்கும் அடிப்படைத் தளப்பரப்பு 12,000 சதுர அடி; பல மாடிக் கட்டடத்துக்கு 13 போட்டால் 36,000.

உண்மையான தகராறு மாடியை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான். கான்கிரீட் கீழ்த்தளத்தின் மேல் நான்கு மர மாடிகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கட்டட விதியின் 2015 பதிப்பு அந்தக் கான்கிரீட் தளத்துக்கு மேலிருந்து எண்ணச் சொன்னது: நான்கு மாடி, மொத்த உயரம் 60 அடிக்குள் இருந்தால் 13ஆர் போதும். 2021 பதிப்பு தரைமட்டத்திலிருந்து எண்ணச் சொல்கிறது: ஐந்து மாடி, 13 கட்டாயம். தீயணைப்பு வண்டி நிற்கும் மட்டத்திலிருந்து மேல்மாடித் தளம் 30 அடிக்கு மேற்படக் கூடாது என்ற வரம்பையும் அது சேர்த்தது. நகரம் எந்தப் பதிப்பை ஏற்றிருக்கிறது, அதில் என்ன திருத்தியிருக்கிறது என்று பார்க்காமல் இருவரும் மணிக்கணக்கில் வாதாடலாம்.

இந்தத் தொகுப்புகளின் பின்னிணைப்பிலுள்ள விளக்கத்தைக் காட்டி வேலையை நிறுத்தும் ஆய்வாளரும் உண்டு. அது விதியின் பகுதி அல்ல என்று என்எஃப்பிஏ-வே சொல்லிவிடுகிறது. சங்க ஊழியரின் மின்னஞ்சலை ஆணைபோல் நீட்டும் ஒப்பந்ததாரருக்கும் இதே பதில்தான்: அது அந்த ஊழியரின் கருத்து, முறையான விளக்கம் அல்ல.

என் தேர்வு: மரக்கூரையடி உள்ள நீண்ட அடுக்ககம் என்றால் 13. கூரையடி வெளி இல்லாத, தட்டைக் கூரை போட்ட சிறிய இரண்டு மாடிக் கட்டடத்துக்கு 13ஆர் தாராளமாகப் போதும். எதுவானாலும், விலைப்புள்ளி கேட்கும் முன்பே தொகுப்பின் பெயரையும் பதிப்பு ஆண்டையும் நகர அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். உட்கூரை மூடியபிறகு 13 வேண்டும் என்று தெரியவந்தால், பலகையைப் பிரிக்கும் கூலி யார் தலையில் விழும் என்பது அடுத்த வழக்கு.